வாலாண்டரைப் படித்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மன்கெல் எழுதிய குர்ட் வாலாண்டர் நாவல்களை நான் படித்து முடித்து நாலு வருஷம் ஆகிறது. முடித்த கையோடு ஏழெட்டு நண்பர்களிடம் படிக்கச் சொன்னேன். சொன்ன பாவத்துக்கு, ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். கொலைகாரன் யார் என்பதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. "எனக்கு ஏன் இப்படி இருக்கு?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

இதைப் படித்தால் கதை தெரிந்துவிடுமா?

எந்தக் கொலையையும் யார் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசி நாவலில் வாலாண்டருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அது தெரியவேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்தபின் வாருங்கள்.

யார் இந்த வாலாண்டர்?

ஸ்வீடனின் தெற்கு மூலையில் ஸ்கோனே என்றொரு பகுதி. அங்கே பால்டிக் கடலோரம் ஈஸ்டாட் என்ற சின்ன ஊர். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் துப்பறியும் அதிகாரி. முதல் நாவலில் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மனைவி விட்டுப் போய்விட்டாள். மகள் லின்டா எப்போதாவது பேசுவாள். இவர் போலீஸில் சேர்ந்ததை இவருடைய அப்பா மன்னிக்கவே இல்லை. ஆள் கொஞ்சம் குண்டு, அளவுக்கு மீறிக் குடிப்பார், சரியாகத் தூங்கமாட்டார், சாப்பாடு கண்ட நேரத்தில். காரில் போகும்போது இத்தாலிய ஆப்பெரா கேட்பார். பெயரை டெலிபோன் டைரக்டரியைப் புரட்டித்தான் எடுத்தாராம் மன்கெல். அந்த அளவுக்கு சாதாரணமான ஆள்.

மன்கெல் ஆண்டில் பாதியை ஆப்பிரிக்காவில், மொசாம்பிக் நாட்டின் மபூட்டோ நகரில் நாடகக் குழு ஒன்றோடு கழித்தவர். 1989ல் ஸ்வீடன் திரும்பியபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மீது ஊரில் ஒரு வெறுப்பு கிளம்பியிருப்பதைப் பார்த்தார். அதை எழுத வேண்டும் என்று தோன்றியது, அதற்குக் குற்றக்கதைதான் சரியான வடிவம் என்றும் தோன்றியது. அப்படி வந்தது 1991ல் முதல் நாவல். 1990 ஜனவரிக் குளிரில், ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் ஒரு வயதான தம்பதி தாக்கப்படுகிறார்கள். கணவர் அங்கேயே இறந்து கிடக்கிறார். மனைவி ஆஸ்பத்திரியில் உயிர் போகுமுன் முனகும் கடைசி வார்த்தை, 'வெளிநாட்டு'. அந்த ஒரு வார்த்தை வெளியே கசிந்ததும் அகதிகள் மீது தாக்குதல் தொடங்குகிறது. இன்னொரு சின்ன விஷயமும் உண்டு: கொலை நடந்த இரவில் லாயத்திலிருந்த குதிரைக்கு யாரோ வைக்கோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பண்ணை வீட்டு ரத்தத்தை மறந்துவிட்டேன், வைக்கோலை மறக்கவில்லை.

1998 வரை வருஷத்துக்கு ஒன்றாக எட்டு நாவல்கள். 1999ல் வாலாண்டரின் இளமைக்காலக் கதைகள் ஒரு தொகுப்பு. 2002ல் மகள் லின்டாவை முன்னிறுத்தி ஒரு நாவல். இடையில் ஒரு குறுநாவலும் உண்டு. 2009ல் கடைசி நாவல். மன்கெல் 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார்.

துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு அழுதேன். இது கொஞ்சம் ஓவர் இல்லையா?

இல்லை. அழுதது எதற்காக என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். யாரும் கொலையுண்டவருக்காக அழவில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பட்டியலும் போடுகிறது. அச்சம் பிறக்கும் இடங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அதாவது குற்றம் செய்கிறவனைக் கண்டு வரும் பயம் அந்தக் காலத்துப் பட்டியலிலேயே இருக்கிறது. க்ரைம் நாவல் எழுதுகிற எல்லாரும் பிழைப்பது இந்த 'கள்வர்' என்ற ஒரு சொல்லில்தான்.

ஆனால் அதே பட்டியலில் இளிவரல் என்று ஒன்று உண்டு. தன்னைத் தானே தாழ்வாக உணர்வது, நம் நிலையை நினைத்து நாமே கூசுவது. அது பிறக்கும் இடங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வாலாண்டர் நாவல்கள் கள்வரில் தொடங்குகின்றன. நாம் பயந்து பயந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, நமக்குத் தெரியாமல் மூப்புக்கும் பிணிக்கும் வந்துவிடுகின்றன. நம்மை அழவைத்தது அதுதான். பயப்படத் தயாராகத்தான் புத்தகத்தைத் திறந்தோம், இதற்குத் தயாராக இல்லை.

கொலைகள் எல்லாம் மறந்துவிட்டன. அவர் அப்பா மட்டும் மனதிலேயே நிற்கிறாரே, ஏன்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓவியர். ஓவியர் என்றால், வாழ்நாள் முழுக்க ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறவர். மாலை வெயில் விழுந்த ஒரு நிலக்காட்சி. சிலவற்றில் முன்னால் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கார்களில் வரும் வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போவார்கள். மகன் எப்போது போனாலும் தின்னர் வாசனை அடிக்கும் அந்தப் பழைய கொட்டகையில் நின்று வரைந்துகொண்டே இருப்பார். போன உடனே சண்டை. "ஏன் வருவதே இல்லை?" என்று ஆரம்பிப்பார். வந்திருக்கிற மகனிடம்தான் இந்தக் கேள்வி. வாலாண்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். "பார்த்தாயா, வந்ததும் கிளம்புகிறாய்" என்பார் அப்பா. இதைப் படித்தபோது ஸ்வீடனில் இருக்கிறோமா, ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தச் சண்டை நாவலுக்கு நாவல் தொடர்கிறது. வழக்கு மாறும், பிணம் மாறும், அப்பா மாறமாட்டார். ஆறாவது நாவலில் (1996) இருவரும் ஒருவழியாக ரோமுக்கு ஒரு வாரம் போய்வருகிறார்கள். அப்பாவின் நெடுநாள் ஆசை அது. அங்கே ஒரு ராத்திரி அப்பா ஹோட்டலிலிருந்து தனியாக நழுவுகிறார். மகனுக்குப் பதற்றம். அப்பாவுக்கு ஏற்கெனவே மறதி நோய் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கூப்பிடாமல் பின்னாலேயே போகிறார். பழுத்த போலீஸ்காரர் தன் அப்பாவை வேவு பார்க்கிறார். கிழவர் ஸ்பானிஷ் படிக்கட்டுகள் என்ற அந்தப் புகழ்பெற்ற படிகளில் போய்த் தனியாக உட்கார்கிறார். மகன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு இருவரும் தனித்தனியாக அறைக்குத் திரும்புகிறார்கள். கடைசிவரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அதே நாவலில் அப்பா இறந்துபோகிறார்.

துப்பறிவதில் இத்தனை கெட்டிக்காரர், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அப்பா என்ன நினைத்தார் என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்கெல் அதை விளக்கவும் இல்லை. ஒரு கொலை மர்மம் முந்நூறு நானூறு பக்கத்தில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் நம் மனது அதைக் கீழே போட்டுவிடும். தீராத மர்மத்தை எங்கே போடுவது? அப்பா மனதில் நிற்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எழுதும்போது வீட்டுக் கூடத்தில் என் அப்பா டிவியை ஓடவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன யோசிக்கிறார் என்று நானும் கேட்டதில்லை.

ராத்திரி படித்தால் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்துங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். 'தொடரும்' என்று போடுவதற்கு முந்தைய வரியில்தான் கதவு தட்டப்படும், போன் அடிக்கும், விளக்கு அணையும். தூண்டில் எப்போதும் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. நம்மவர்கள் "இந்த ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுப் படுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு சரியாகப் போய்த் தூண்டிலைக் கவ்வுவார்கள். அத்தியாயத்தின் நடுவில் வாலாண்டர் காபி குடித்துக்கொண்டோ, குடியிருப்பின் பொது லாண்டரி அறைக்கு முறை வைக்க மறந்துவிட்டதை நினைத்துத் தன்னைத் திட்டிக்கொண்டோ இருப்பார். அங்கே அடையாளம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஐந்தாவது, ஆறாவது நாவல்களில் இது கொஞ்சம் கஷ்டம். அவற்றில் இடையிடையே கொலைகாரரின் பக்கத்திலிருந்தும் கதை வரும். போலீஸுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டு, வாலாண்டரிடம் சொல்ல முடியாமல் காத்திருப்பது உடம்பைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஐந்தாவதைப் படித்த வாரம் முழுக்கத் தோள்பட்டை வலி. அதன் தொடக்கத்திலேயே, மஞ்சள் பூத்த கடுகு வயல் போன்ற ஒரு வயலின் நடுவில், வாலாண்டரின் கண்ணெதிரே ஒரு இளம்பெண் தன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறாள். அதைப் படுக்கையில் படிக்கவேண்டாம். ஞாயிறு மதியம், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது படியுங்கள்.

மனசு ஏற்கெனவே சரியில்லை. இப்போது இதைப் படிக்கலாமா?

நான்காவது நாவலை (1994) மட்டும் தள்ளிவையுங்கள் என்பேன். மூன்றாவதில் வாலாண்டர் பணியில் இருக்கும்போது ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். சாதாரண க்ரைம் நாவலில் ஹீரோ துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். இவரால் முடியவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் மருத்துவ விடுப்பு. குடி. ஊர் ஊராக அலைச்சல். கடைசியில் டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகென் என்ற ஊர்க் கடற்கரையில், பனிமூட்டத்தில், வேலை மாதிரி தினமும் நடந்துகொண்டே இருக்கிறார். வேலையை விட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிடுகிறார்.

அந்தத் தொடக்கப் பக்கங்கள் சிலருக்கு ஆறுதல். 'நமக்கு மட்டும் இல்லை' என்ற ஆறுதல். சிலரை அது இன்னும் கீழே இழுத்துவிடும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அதற்குக் காரணம் புத்தகமாக இருக்காது. டாக்டரைப் பாருங்கள். வாலாண்டர் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டுத்தான் பாதிப் பாடு பட்டார்.

எந்த வரிசையில் படிப்பது?

ஸ்வீடிஷில் வந்த ஆண்டு வரிசையில். ஆங்கில மொழிபெயர்ப்புகள் முன்னும் பின்னுமாக வந்தன. மூலத்தில் நான்காவதான நாவல் ஆங்கிலத்தில் வர 2005 ஆகிவிட்டது, ஐந்தாவதோ அதற்குச் சில வருஷம் முன்பே வந்து 2001ல் பிரிட்டனில் பெரிய பரிசே வாங்கிவிட்டது. அப்போது படித்த ஆங்கில வாசகர்கள், நொறுங்கிக் கிடந்த மனிதரைப் பார்க்காமலே தேறியவரைப் பார்த்துவிட்டார்கள். மர்மத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஒவ்வொரு வழக்கும் தனி. மனிதருக்குத்தான் நஷ்டம். புத்தகத்தின் உள்பக்கத்தில் மூல ஆண்டு போட்டிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ க்ரைம் நாவல் படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி ஆனதில்லையே?

பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் பாக்கெட் நாவலைத்தானே சொல்கிறீர்கள்? நானும் அந்தப் பள்ளிக்கூடத்து மாணவன்தான். ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, எல்லாருக்கும் மேலே சுஜாதாவின் கணேஷ்-வசந்த். திருச்சியில் பஸ் ஏறினால் மதுரை வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் "முடிச்சிட்டீங்களா தம்பி?" என்று கையை நீட்டுவார்.

அவர்கள் யாருக்கும் வயதாகவில்லை. நாம் அரை டிராயரிலிருந்து பேன்ட்டுக்கு மாறி, வேலைக்குப் போய், தலை நரைத்தபோதும் வசந்த் அதே குறும்போடுதான் பேசிக்கொண்டிருந்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாறாத ஒருவனை மறுபடி பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, பழைய ஹோட்டலில் அதே ருசியில் ரவா தோசை கிடைப்பதுபோல. விவேக்குக்கு சர்க்கரை வியாதி வந்திருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

வாலாண்டருக்கு வந்தது. ஏழாவது நாவலில் (1997). அடிக்கடி தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, எப்போதும் அசதி. படிக்கிற தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் டாக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள், நம் வீட்டில் இதற்கெல்லாம் லேப் ரிப்போர்ட் தேவையில்லை. அவர் அதை ஆபீஸில் மறைக்கிறார். வெட்கப்படுகிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் மாத்திரையை உள்ளங்கையில் மறைத்து விழுங்கும் மாமாக்களை எனக்குத் தெரியும். அதே கூச்சம்தான். இளிவரல் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

அதே நாவலில் கூட வேலை பார்க்கும் ஸ்வேட்பெர்க் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். விசாரிக்கப் போகும் வாலாண்டருக்குத் தெரியவருவது, பல வருஷம் கூட இருந்தும் அந்த ஆளைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது. கூடவே இன்னொன்று: ஸ்வேட்பெர்க் தன் நெருங்கிய நண்பனாக நினைத்தது வாலாண்டரைத்தானாம். இவருக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பழைய ஆபீஸில் என்னோடு பத்து வருஷம் சாப்பிட்ட ஒருவருக்குப் போன் செய்தேன். "என்ன விஷயம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். மூன்று நிமிஷம் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஸ்வீடன் மாதிரிப் பணக்கார, அமைதியான நாட்டில் என்ன இவ்வளவு சோகம்?

அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். 1986 பிப்ரவரியில் பிரதமர் ஓலோஃப் பால்மே, மனைவியோடு சினிமா பார்த்துவிட்டுக் காவலர் யாரும் இல்லாமல் ஸ்டாக்ஹோமில் நடந்து வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பிரதமர் தனியாக நடந்துபோகக்கூடிய நாடு என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று கட்டிய சமூகத்தில் எங்கே விரிசல் விட்டது என்பதுதான் இந்த நாவல்களுக்கு அடியில் ஓடும் கேள்வி. இவை ஸ்வீடனின் பதற்றத்தைப் பற்றிய நாவல்கள் என்று மன்கெலே சொன்னார். வாலாண்டர் ஒவ்வொரு பிணத்துக்கும் பக்கத்தில் நின்று "நாம் எப்படி இப்படி ஆனோம்?" என்று யோசிக்கிறார். சில இடங்களில் இது பிரசங்கம் மாதிரி ஆகிவிடுகிறது, மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது நாவலில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்வரும் பகுதியில் எனக்கே கொட்டாவி வந்தது.

கடைசி நாவலில் அவரை இப்படிச் செய்திருக்க வேண்டுமா? மன்கெல் மீது கோபமாக வருகிறது.

வரட்டும். வாசகர் கோபத்துக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளினார் கோனன் டாயில். வாசகர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள். பத்து வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, 1903ல் ஹோம்ஸ் சாகவே இல்லை என்று கொண்டுவந்தார். அகதா கிறிஸ்டி, தன் துப்பறிவாளர் போய்ரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். அது 1975ல் வெளிவந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போய்ரோவுக்கு இரங்கல் செய்தியே போட்டது, நிஜ மனிதர் மாதிரி.

மன்கெல் வாலாண்டரைக் கொல்லவில்லை. அதுதான் நம்மைப் போட்டுப் பார்க்கிறது. 'தி ட்ரபிள்ட் மேன்' என்று ஆங்கிலத்தில் வந்த அந்த நாவலில் அவருக்கு அறுபது வயது. கிராமப்புறத்தில் வீடு வாங்கிவிட்டார், யூஸ்ஸி என்று ஒரு நாய், லின்டாவுக்குக் குழந்தை பிறந்து தாத்தாவும் ஆகிவிட்டார். ஒருவழியாக நல்ல காலம் என்று நாம் நினைக்கும்போது, ஒரு ராத்திரி ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் போலீஸ் துப்பாக்கியை அங்கேயே மறந்துவிட்டு வருகிறார். மறுநாள், அதை ஏன் எடுத்துக்கொண்டு போனோம் என்பதே நினைவில்லை. எல்லாரும் குடியைக் காரணம் சொல்கிறார்கள். படிக்கிற நாமும் அப்படியே நினைத்துக்கொண்டு வழக்கைப் பார்க்கப் போய்விடுகிறோம். நானூறு பக்கத்துக்குத் தடயத்தை நம் மூக்கின் முன்னால் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்க்கவைக்கிறார் மன்கெல். குற்றக்கதையின் வித்தை எல்லாம் இங்கே ஒரு நோயை மறைக்கப் பயன்படுகிறது. கடைசிப் பக்கத்தில்தான் அது அல்சைமர் என்று நேராகச் சொல்கிறார். எஞ்சிய வருஷங்கள் அவருக்கும் மகளுக்கும் பேத்திக்கும் சொந்தம், வேறு யாருக்கும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்.

நம்மை வெளியே நிறுத்திவிட்டார் என்பதுதான் கோபம். எனக்கும் இருந்தது. ஆனால் யோசித்தால், பத்துப் புத்தகத்துக்கு அந்த மனுஷனின் குளியலறை வரைக்கும் கூடப் போயிருக்கிறோம். இனிமேலாவது அவரைத் தனியாக விடச் சொல்வது மரியாதைதான். இப்போது எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களோடு சண்டை போடமாட்டேன்.

டிவி தொடர் பார்த்தால் போதாதா?

பாருங்கள், தப்பில்லை. ஸ்வீடிஷில் ரோல்ஃப் லாஸ்கோர்டும் கிறிஸ்டர் ஹென்ரிக்சனும் நடித்தவை உண்டு. பிபிசிக்காக கென்னத் பிரானா நடித்தது 2008லிருந்து 2016 வரை வந்தது. வெட்டவெளியும் வானமும் அதில் பிரமாதம். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் அவர் கவலைப்படுவதைப் பார்க்கிறோமே தவிர, கூட உட்கார்ந்து கவலைப்பட நேரம் இல்லை.

ஈஸ்டாட் என்ற ஊர் நிஜமாகவே இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?

இருக்கிறது. வாலாண்டர் குடியிருந்த மரியாகாத்தன் தெருவும் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வாசகர்கள் போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். நான் போனதில்லை. கூகுள் மேப்பில் அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். சாதாரணத் தெரு. ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. என்னவோ சொந்தக்காரர் காலிசெய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது, மூடிவிட்டேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. வீடே வெறிச்சென்று இருக்கிறது. அடுத்து என்ன படிக்க?

உடனே இன்னொரு துப்பறிவாளரைப் பிடிக்காதீர்கள். ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், பாவம் அந்தப் புது ஆள். சமையல் புத்தகமோ பயணக் கட்டுரையோ எதையாவது படியுங்கள். மூன்று மாதம் கழித்து, இதே ஸ்வீடனில் 1965லிருந்து 1975 வரை மாய் ஷோவால், பெர் வாலோ என்ற ஜோடி எழுதிய மார்ட்டின் பெக் நாவல்கள் பத்தும் இருக்கின்றன. போலீஸ் கதைக்குள் சமூகத்தை வைப்பதில் மன்கெலுக்கு முன்னோடிகள் அவர்கள்.

மறுபடி முதலிலிருந்து படித்தால் எப்படி இருக்கும்?

போன மாதம் ஆரம்பித்தேன். யார் கொலைகாரன் என்று தெரிந்திருப்பதால் பயம் சுத்தமாக இல்லை. ஆனால் முதல் தடவை நான் பாதி சிரிப்போடு தாண்டிப்போன ஒரு காட்சி முதல் நாவலில் இருக்கிறது. வாலாண்டரின் அப்பா, பைஜாமாவோடு, கையில் பெட்டியோடு, சேறான வயலில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் இத்தாலிக்கு என்கிறார். ரோம் பயணமும் அப்பாவின் மறதியும் மகனுக்குப் பின்னால் வரப்போவதும் அந்த ஒரு வயலில் இருந்திருக்கிறது. நான்தான் கொலையைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

அந்தக் காட்சி வருமுன்பே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இரண்டு வாரமாக. அப்பா நேற்று அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"போலீஸ் கதையா?"

"ஆமாம்பா."

"கண்டுபிடிச்சுட்டானா?"

"இன்னும் இல்லப்பா, இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

காபி ஆறுவதற்குள் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன்.